அக்காவின் மணல் டப்பா

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் அட்டைப் படத்தைப் பார்த்து, "அக்கா ஏன் இவ்வளவு கோபமா இருக்காங்க?" என்று சிலர் கேட்பீர்கள். அக்காவுக்குக் கோபம் எதுவும் இல்லை. வெயில் கண்ணில் அடித்தது, அவ்வளவுதான். அது அவருடைய ஒரே மகள் செல்வியின் கல்யாணத்தன்று மண்டப வாசலில் எடுத்த படம். படம் பிடித்தவர் "கொஞ்சம் சிரிங்கம்மா" என்றார். "நீ நெழல்ல நின்னுகினு என்ன வெயில்ல சிரிக்கச் சொல்றியா?" என்று அக்கா கேட்டு முடிப்பதற்குள் அவர் எடுத்துவிட்டார். அக்கா தனியாக இருக்கும் நல்ல படம் எங்களிடம் அது ஒன்றுதான். ஆதார் அட்டையில் இருப்பதைப் போடலாம் என்று அக்காவின் கணவர், எங்கள் மாமா, சொன்னார். அதைப் போட்டிருந்தால் அக்கா திரும்பி வந்து எங்கள் இருவரையும் உதைத்திருப்பார்.

மலரின் கடைசிப் பக்கத்தில் ஒரு சின்னக் காகிதப் பொட்டலம் ஒட்டியிருக்கும். அதை இப்போது பிரிக்க வேண்டாம். இதைப் படித்து முடித்துவிட்டுப் பிரியுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அக்காவிடம் நான் எட்டு வருடம் மறைத்து வைத்திருந்த ஒரு விஷயம் உண்டு. அவருடைய முதலாம் ஆண்டு நினைவு நாளில் அதை உங்கள் எல்லோர் முன்பும் சொல்லிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன் அக்கா வாழ்ந்த வாழ்க்கையைச் சொல்ல வேண்டும்.

அக்கா பிறந்தது நந்தனத்துக்குப் பின்புறம், அடையாற்றின் கரையில். அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக ரிக்‌ஷா வருவதற்குள் குடிசையிலேயே பிறந்துவிட்டாராம். எதற்கும் காத்திருக்கிற பழக்கம் அவருக்கு அன்றைக்கே கிடையாது. எங்கள் அப்பா அந்தக் கரையில் கீரை போட்டுக்கொண்டிருந்தார். சென்னைக்கு நடுவில் விவசாயமா என்று என்னோடு வேலை பார்ப்பவர்கள் இன்றும் கேட்கிறார்கள். அண்ணா சாலையில் பேருந்தில் போகிறவர்களுக்கு அது தெரியாது. பெரிய கட்டடங்களின் பின்சுவர் முடிகிற இடத்தில் இறங்கி நடந்தால், சுவருக்கும் ஆற்றுக்கும் நடுவே நீளமாக ஒரு துண்டு நிலம் இருக்கும். அதில் முப்பது பாத்திகள். நடுவில் அப்பா தோண்டிய கிணறு. அதுதான் எங்கள் சொத்து. பத்திரம் கேட்காதீர்கள்.

அப்பா மஞ்சள் காமாலையில் போனபோது அக்காவுக்குப் பதினாறு வயது, எனக்கு ஆறு. அம்மா வீட்டு வேலைக்குப் போனார். அக்கா பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு மண்வெட்டியை எடுத்தார். நான் படித்ததற்கும் அக்கா படிக்காததற்கும் காரணம் ஒன்றுதான், அது அந்த முப்பது பாத்தி. நான் பிறகு கல்லூரி நூலகம் ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்தேன். அன்றிலிருந்து அக்கா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைவிட "படிச்சவரே" என்று கூப்பிட்டதுதான் அதிகம். நான் ஏதாவது தப்புச் செய்த நாளில் அந்த 'ரே' கொஞ்சம் நீளும்.

அக்காவின் நாள் விடியலுக்கு முன்னால் தொடங்கிவிடும். கீரையை அறுத்து, கிணற்று நீரில் அலசி, வாழை நாரால் கட்டி, கூடையில் அடுக்கி, முதல் பேருந்தில் மயிலாப்பூர் போவார். குளத்தைச் சுற்றியிருக்கும் தெருக்களில் எந்த வீட்டுக்கு என்ன கீரை என்பது அவருக்கு மனப்பாடம். கூவி விற்கிற பழக்கமே அவரிடம் இல்லை. கதவைத் தட்டுவார், கீரையைக் கொடுப்பார், அந்த வீட்டுச் செய்தியைக் கேட்பார், போய்விடுவார். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் தியாகராய நகர்.

தியாகராய நகரில் ஓர் அம்மா, "ஆத்தோரக் கீரைதானே, சாக்கடைத் தண்ணில வளர்ந்ததுதானே" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரை எடுத்துப்போய், அந்த அம்மாவின் வாசலில் உட்கார்ந்து பாதியைக் குடித்துவிட்டு, "மீதி ஒனுக்குமா" என்று நீட்டியிருக்கிறார். அந்த அம்மா குடிக்கவில்லை. ஆனால் அன்று வாங்க ஆரம்பித்தவர், இருபது வருடம் வேறு யாரிடமும் கீரை வாங்கவில்லை. பின்னால் ஒரு கோடையில் கிணற்றுத் தண்ணீர் நிஜமாகவே வாடை அடித்தபோது, தூர் வாரி ஊற்று தெளிகிறவரை இரண்டு மாதம் அக்கா கூடையைத் தொடவே இல்லை. அம்மாவோடு வீட்டு வேலைக்குப் போனார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

மாமா வந்த கதையைச் சொல்லாவிட்டால் மாமா கோபித்துக்கொள்வார். கோடம்பாக்கத்தில் படப்பிடிப்புக்கு அரங்கம் போடும் தச்சர் அவர். கிராமத்துக் காட்சி ஒன்றை ஊருக்குள்ளேயே எடுத்துவிடலாம் என்று ஒரு கூட்டம் எங்கள் பாத்திகளைத் தேடி வந்தது. எங்கள் நிஜக் கிணறு கிணறு மாதிரி இல்லை என்று சொல்லி, பக்கத்தில் பலகையால் வேறொரு கிணறு கட்டினார்கள். கட்டியவர் மாமா. கட்டும்போது மூன்று பாத்தியை மிதித்துத் துவைத்துவிட்டார். எல்லோரும் வண்டி ஏறிய பிறகு, அக்கா அவரை மட்டும் கையைப் பிடித்து நிறுத்தி, வரப்பைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். அவர் அன்று கட்டியது கோணல். மறுநாள் சரி செய்ய வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். வரப்பு எத்தனை நாளுக்குத்தான் கோணலாகவே இருக்கும்? அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. பாத்தியை விட்டு வரமாட்டேன் என்று அக்கா சொன்னதால், மாமா வீட்டோடு மாப்பிள்ளையாக ஆற்றோரத்துக்கு வந்து சேர்ந்தார்.

இனி செந்தண்டுக் கீரைக்கு வருகிறேன். ஒரு வருடம் தண்டுக்கீரைப் பாத்தியில் ஒரே ஒரு செடி மட்டும் சிவந்த தண்டோடு வளர்ந்தது. இடுப்பு உயரம் வந்தும் நார் வைக்கவில்லை. நகத்தால் கிள்ளினால் வெண்ணெய் மாதிரி இறங்கியது. அக்கா அதை அறுக்கவில்லை. தன் தலையிலிருந்த ரிப்பனை அவிழ்த்து அந்தத் தண்டில் கட்டினார். ரிப்பன் கட்டியதை யாரும் தொடக்கூடாது. அது முற்றி, பூத்து, விதையானதும் உதிர்த்து வைத்துக்கொண்டார். அடுத்த முறை அந்த விதையில் வந்ததில் மிக நல்ல பத்துச் செடிகளுக்கு ரிப்பன். அதற்கடுத்த முறையும் அப்படியே. இருபது வருடத்துக்கும் மேலாக இதைச் செய்தார். பாத்தியில் எது எல்லாவற்றிலும் நன்றாக இருக்கிறதோ அது விற்பனைக்கு இல்லை, எங்கள் சாப்பாட்டுக்கும் இல்லை. நாங்கள் சாப்பிட்டது பூச்சி அரித்ததைத்தான்.

என் மனைவியின் வீட்டார் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று சமைக்கக் கீரை இல்லை. எல்லாம் காலையில் மயிலாப்பூர் போய்விட்டது. ரிப்பன் கட்டிய பத்துச் செடி மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. அதில் இரண்டை அறுக்கலாமே என்று கெஞ்சினேன்.

"ஒனுக்கு வேற பொண்ணு பாத்துக்கலாம்டா. இதுக்கு வேற வெதைக்கு நான் எங்க போவேன்?" என்றார் அக்கா.

உள்ளே உட்கார்ந்திருந்த பெண் வீட்டாருக்கு இது நன்றாகவே கேட்டது. அந்தப் பெண்தான் என் மனைவி. இன்றுவரை சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

செந்தண்டை வாங்கியவர்கள் அதற்கு 'அக்கா கீரை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள் குடியிருந்த மாமி ஒருவர், "உன் தண்டை மோர்க்குழம்புல போட்டா எங்காத்துல நேக்கு நோக்குன்னு சண்டை போட்டுண்டு சாப்பிடறா" என்று சொல்லி, தொட்டியில் வளர்க்கக் கொஞ்சம் விதை கேட்டார். அக்கா ஒரு சிட்டிகை கொடுத்தார். அதன் பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் சிட்டிகை சிட்டிகையாகக் கொடுத்தார். இப்படிக் கொடுத்தால் நம்மிடம் யார் வாங்குவார்கள் என்று நான் கேட்டேன். "தொட்டில எத்தினி கட்டுடா வரும் படிச்சவரே?" என்று திருப்பிக் கேட்டார்.

பிறகு வெள்ளம் வந்தது. அதை உங்களில் பலர் என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள். ஆறு எங்கள் முப்பது பாத்தியையும் ஒரே இரவில் எடுத்துக்கொண்டது. கழுத்தளவு தண்ணீரில் நாங்கள் வெளியேறியபோது, மாமா தன் உளிப்பையை எடுத்துக்கொண்டார், நான் என் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டேன். அக்கா பரணில் கட்டியிருந்த ஒரு துணி முடிச்சை எடுத்துத் தலையில் வைத்துக் கட்டிக்கொண்டார். அதில் இருந்தது ஒரு கைப்பிடி செந்தண்டு விதை. கிணறு தூர்ந்து, பாத்தி மேல் முழங்கால் உயரத்துக்குச் சேறு படிந்த பிறகு, மிச்சமிருந்தது அந்தக் கைப்பிடிதான்.

தண்ணீர் வடிந்து மாதங்கள் கழித்து அக்கா சேற்றை வாரி ஒரே ஒரு பாத்தி கட்டினார். கீரை விதை கடுகைவிடச் சின்னது. அப்படியே தூவினால் ஒரு பக்கம் குவிந்து, ஒரு பக்கம் வெறும் மண்ணாக நிற்கும். அதனால் சலித்துக் காயவைத்த மணலோடு கலந்து தூவுவார்கள். ஒரு பங்கு விதைக்குப் பத்துப் பங்கு மணல். அக்கா எப்போதும் விதைக்கிற நேரத்தில்தான் முறத்தில் கலப்பார். அந்த முறை தூறல் விட்டு விட்டுப் பெய்ததால், மணல் காய்ந்திருந்த ஒரு மத்தியானத்தில் முன்கூட்டியே கலந்து, பழைய பிஸ்கெட் டப்பா ஒன்றில் போட்டு மூடி வைத்தார். வெள்ளிக்கிழமை விதைப்பதாக இருந்தது. புதன்கிழமை அரசாங்க ஆட்கள் வந்து, ஊருக்குத் தெற்கே அடுக்குமாடியில் வீடு ஒதுக்கியிருப்பதாகவும், இரண்டு நாளில் காலி செய்ய வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை அக்காவும் மாமாவும் செல்வியும் முதல் வண்டியில் சாவி வாங்கப் போனார்கள். மீதிச் சாமானை ஏற்றிக்கொண்டு வரும் பொறுப்பு என்னுடையது. "எல்லாத்தியும் ஏத்து, ஒண்ணியும் வுட்ராத" என்றுதான் அக்கா சொல்லிவிட்டுப் போனார். டப்பாவைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இது மட்டும்தான் என் தரப்பு வாதம்.

சின்ன லாரி. ஓட்டியவர் சேகர், அப்போது இருபது வயதுதான் இருக்கும். கட்டில், அடுப்பு, பாத்திரம், மூட்டை எல்லாம் ஏற்றிக் கயிறு கட்டிக் கிளம்பினால், பத்தடியில் பின்சக்கரம் இரண்டும் சேற்றில் புதைந்துவிட்டது. தள்ளிப் பார்த்தோம். சக்கரம் சுற்றிச் சுற்றி என் மேல் சேறடித்ததுதான் மிச்சம். தூறல் வேறு வலுத்தது. பின்னால் இன்னும் ஏழெட்டுக் குடும்பத்தின் வண்டிகள் நின்றுகொண்டு ஒலி எழுப்பின.

"சார், மண்ணு ஜல்லி எதுனா சக்கரத்துக்குப் போடு சார், புடிச்சிக்கும்," என்றார் சேகர்.

சுற்றிப் பார்த்தேன். எங்கும் சேறு. வண்டியின் பின்பக்கம் கைக்கெட்டும் இடத்தில் அந்த டப்பா இருந்தது. திறந்தால், நன்றாகச் சலித்த உலர்ந்த மணல். புது வீட்டுக்கு அக்கா எதற்கு மணலைக் கொண்டுபோகிறார் என்று சிரிப்புக்கூட வந்தது. பாதியை இந்தச் சக்கரத்துக்கு, பாதியை அந்தச் சக்கரத்துக்கு என்று பார்த்துப் பார்த்துக் கொட்டினேன். சக்கரம் ஒரு தடவை உறுமி, பிடித்து, மேலே ஏறிவிட்டது. "சூப்பர் சார், படிச்சவங்க படிச்சவங்கதான்," என்றார் சேகர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. காலி டப்பாவைச் சுவரோரம் வீசிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டேன்.

எட்டாவது மாடியில் சாமானைப் பிரிக்கும்போது அக்கா தேட ஆரம்பித்தார்.

"டேய், பிஸ்கெட் டப்பா எங்கடா?"

"எந்த டப்பாக்கா?"

"வெதய மண்ணுல கலந்து வச்சிருந்தேனே, அந்த டப்பா."

கையில் இருந்த குடத்தைக் கீழே வைத்தேன். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"வழில எங்கனா வுழுந்துட்டிருக்கும்க்கா. அந்த டிரைவரு கயிறு சரியாவே கட்டல."

அக்கா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அன்று அடுப்புப் பற்றவைக்கவில்லை. மறுநாளும் அப்படியே உட்கார்ந்திருந்தார். வேலை எதுவும் செய்யாமல் கையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்ததை என் ஆயுளில் அப்போதுதான் பார்த்தேன். அப்பா போன அன்றுகூட அவர் பாத்திக்குத் தண்ணீர் விட்டுவிட்டுத்தான் வந்தார். நிலம் போனதை அவர் தாங்கிக்கொண்டார். விதையும் போனதும் ஆளே ஒடுங்கிவிட்டார். அதைச் செய்தவன் நான்.

ஒரு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா சேலையை உதறிக் கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். "வண்டிய எட்றா," என்றார். எங்கே என்று கேட்டேன். "எத்தினி பேருக்கு சிட்டிகை சிட்டிகையா குட்த்தேன். யார்கிட்டனா இல்லாமயா பூடும்? தேடலாம் வா."

அப்படித் தொடங்கியது. என் பழைய வண்டியின் பின்னால் அக்கா உட்கார, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஊருக்குள் வந்தோம். முதலில் பழைய இடத்தைத்தான் போய்ப் பார்த்தோம். இயந்திரம் விட்டு மட்டமாக்கி, தகரம் அடித்திருந்தார்கள். பிறகு வீடு வீடாக. எந்த வீட்டுக்குப் போனாலும் அக்கா என்னைத்தான் முன்னால் தள்ளுவார். "நீ போய்க் கேளு. படிச்சவன், ஒனுக்குதான் பேச வரும்." நான் படியேறிக் கதவைத் தட்டி, விஷயத்தைச் சொல்வேன். வீட்டுக்காரர் எப்படித் தொலைந்தது என்று கேட்பார். நான் தயங்கினால், பின்னால் நிற்கும் அக்கா, "எப்டி பூச்சுன்னு சொல்லு நைனா," என்று எடுத்துக் கொடுப்பார். லாரி, கயிறு, ஓட்டுநரின் கவனக்குறைவு எல்லாவற்றையும் நான் மறுபடி முதலிலிருந்து சொல்வேன். ஒவ்வொரு வாசலிலும் எனக்கு வியர்த்துக் கொட்டும். அக்கா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பார்.

தியாகராய நகர் அம்மா, தண்ணீர் பாட்டில் அம்மாதான், செடியை ஆசையாக வளர்த்து ஆசையாகவே தின்று தீர்த்திருந்தார். இன்னொரு வீட்டில் எறும்பு. இன்னொரு வீட்டில் தொட்டி இருந்தது, அதில் காகிதப் பூ இருந்தது. மாமியின் சந்துக்குப் போனால் வீடே இல்லை. இடித்துவிட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். காவலாளியிடம் விசாரித்து, அடையாறு பகுதியில் பிள்ளை வீட்டில் இருந்த மாமியைக் கண்டுபிடிக்க இன்னும் இரண்டு ஞாயிறு ஆயிற்று.

மாமி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "தொட்டில ஜம்முனு வச்சிருந்தேண்டிம்மா. இங்க வந்தப்பறம் பால்கனில மண்ணே கூடாதுங்கறா. நான் என்ன பண்ணட்டும்?" என்று கண் கலங்கினார். நாங்கள் திரும்பிப் படி இறங்கிவிட்டோம். மேலேயிருந்து மாமியின் குரல் கேட்டது. "இருடி, இருடி! கிளம்பறச்சே அந்தத் தையக்கார பாய்க்குக் குடுத்தேனே! ஆழ்வார்பேட்டைல, ரவிக்கை தைப்பாரே, அவர்!"

ஆழ்வார்பேட்டையில் பாயின் கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. நான் என் கதையைத் தொடங்கியதுமே அவர் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து வைத்துவிட்டு, "மேல வாங்கக்கா, நீங்களே வந்து பாருங்க," என்றார். மொட்டை மாடியில் மீன் வியாபாரிகள் பயன்படுத்தும் தெர்மாகோல் பெட்டிகள் வரிசையாக இருந்தன. அவற்றில் மண். மண்ணில் இடுப்பு உயரத்துக்குச் சிவந்த தண்டுகள். மூன்று செடி மட்டும் அறுக்கப்படாமல் முற்றி, கதிர் வைத்திருந்தது. அந்த மூன்றின் தண்டிலும், ரவிக்கைத் துணியில் கிழித்த ஒரு நாடா கட்டியிருந்தது.

"நல்லதாப் பாத்துக் கட்டணும், கட்டினதைத் தொடக்கூடாதுன்னு மாமி சொல்லிக் குடுத்தாங்க. இங்க எல்லாத்துக்கும் இவதான்," என்று பாய் தன் மனைவியைக் காட்டினார்.

அக்கா அந்த நாடாவைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மாடியின் வெறுந்தரையில் உட்கார்ந்து அழுதார். வாய்விட்டு, குழந்தை மாதிரி அழுதார். பாயின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தார். நான் மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றேன். என்னாலும் முடியவில்லை. மூன்று செடியையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அக்கா ஒன்றில் மட்டும் விதையை உதிர்த்துக்கொண்டார். "மீதி ஒங்குளுக்கு வேணாமா? இது ஒங்க வூட்டு செடி இப்போ," என்றார்.

புதிய குடியிருப்புக்குப் பின்னால் தரிசாகக் கிடந்த ஒரு நிலத்தின் சொந்தக்காரரைப் பிடித்து, அவருக்கும் கீரை கொடுப்பதாகச் சொல்லி, அக்கா நான்கு பாத்தி போட்டார். விதைக்கிற அன்று முறத்தை என்னிடம் நீட்டினார். "நீயே கலடா. மண்ணு எவ்ளோ, வெத எவ்ளோன்னு கையால பாரு." என் மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டு கலந்தேன். நான்கு பாத்தி பன்னிரண்டானது. மயிலாப்பூர்ப் பேருந்து ஒன்றரை மணி நேரம் ஆனாலும் அக்கா கூடையோடு ஏறினார். கீரை மூட்டை அதிகமாக இருக்கிற நாளில் அதே சேகரைத்தான் வண்டியோடு கூப்பிடுவார். அவர் வண்டி வரும்போதெல்லாம் நான் பாத்திக்குள் போய்க் குனிந்துகொள்வேன்.

போன வருடம் அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. மருத்துவமனையில் ஜன்னலோரக் கட்டில். மருத்துவர் எங்களிடம் சொன்னதை அக்காவிடம் நாங்கள் சொல்லவில்லை, ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு மத்தியானம் மாமா சாப்பிடப் போயிருந்தார். நாங்கள் இருவர் மட்டும். இனியும் வைத்திருக்க முடியாது என்று தோன்றியது.

"யக்கா, ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அந்த பிஸ்கெட் டப்பா வழில வுழுவலக்கா. நான்தான்..."

"சக்கரத்துக்கு அடில கொட்டின."

அக்கா என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"அன்னிக்கு சாயங்காலமே அந்த டிரைவர் புள்ளைக்கு போன் போட்டேன். ஏன்டா கயிறு ஒயுங்கா கட்டலன்னு நல்லா திட்டினேன். பாவம் அவன், 'இன்னாமா, நான் நல்லாத்தான் கட்டுனேன், ஒந்தம்பிதான் டப்பா மண்ண எட்த்து சக்கரத்துக்குப் போட்டாரு'ன்னான்."

"அப்புறம் ஏன்க்கா என்ன ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா அழுவ. நீ அழுதா வெத வந்துருமா? அதான் வூடு வூடா ஏத்தி எறக்கினேன்." அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே இருமலும். "எவ்ளோ அழகா சொன்ன ஒவ்வொரு வூட்லயும். கயிறு அவுந்துச்சு, கயிறு அவுந்துச்சுன்னு. அடையார்ல சூறக்காத்து அடிச்சிதுன்னு வேற சேத்துகின."

நான் அவர் கையில் முகத்தை வைத்துக்கொண்டேன். அந்தக் கையில் ஊசி குத்தாத இடம் இல்லை. அக்கா கேட்டார்.

"வண்டி ஏறிச்சில்ல?"

"ஏறிச்சுக்கா."

"அப்புறம் இன்னா. வுடு."

நான்கு நாள் கழித்து அக்கா போய்விட்டார்.

அக்கா படுக்கையில் இருந்த நாட்களில் முறை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்ட எட்டாவது மாடி அண்டை வீட்டாருக்கும், இரத்தம் கொடுத்த என் கல்லூரி மாணவர்களுக்கும், கீரையைத் தவிர வேறு கைமாறு எதிர்பாராமல் நிலம் கொடுத்த ஐயாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எண்பது வயதிலும் வீல் சேரில் வந்து அக்காவுக்கு மாலை போட்ட மாமிக்கு நன்றி. ஆழ்வார்பேட்டை பாய்க்கும் அவர் மனைவிக்கும் நன்றி என்று எழுதினால் போதாது, வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. அக்காவின் கடைசிப் பயணத்துக்கும் தன் வண்டியையே கொண்டுவந்து நின்ற சேகரே, அன்று நீங்கள் கட்டிய கயிறு நல்ல கயிறு. முப்பது வீட்டு வாசலில் உங்களைப் பற்றிப் பொய் சொன்னேன். இந்த மலர் அந்த முப்பது வீட்டுக்கும் போகிறது. என்னை மன்னித்துவிடுங்கள்.

அக்கா போன அன்று பாத்தியில் ரிப்பன் கட்டிய செடிகள் பத்து நின்றன. செல்வி அவற்றை யாரையும் தொடவிடவில்லை. அவை முற்றியதும் அவளே உதிர்த்து எடுத்தாள். மணல் சலித்துக் கலந்தது நான்.

இப்போது கடைசிப் பக்கத்துப் பொட்டலத்தைப் பிரிக்கலாம். தோட்டமே வேண்டும் என்பதில்லை, மீன் பெட்டி போதும். மண்ணின் மேல் தூவி, பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள். வருவதில் எது மிக நன்றாக இருக்கிறதோ அதில் ஒரு நாடாவைக் கட்டிவிட்டு, மீதியைச் சமையுங்கள்.

பிரித்துப் பார்த்தால் வெறும் மணல் மாதிரிதான் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

அக்காவின் தம்பி,
ஏழுமலை